மாமி எழும்பி நின்ற மூன்று செக்கன்

இதை வேறு ஒருவருக்கும் காட்டாதீர்கள். நீங்கள் எல்லோரும் பவா மாமி ஓட்டிய மஞ்சள் பஸ்ஸில் பள்ளிக்கு வந்தவர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். என் அப்பாவின் கண்ணில் மட்டும் இது படக்கூடாது. மாமி அவருடைய சொந்த அக்கா.

அந்தச் செவ்வாய்க்கிழமை பஸ் வரவில்லை, உங்களுக்கு நினைவிருக்கும். பனிக்குள் இருபது நிமிடம் நின்றோம். "மாமி நித்திரையாப் போனா போல" என்று சொல்லிச் சிரித்தவள் நான்தான். பிறகு அம்மாவின் கார் வந்தது. மாமியின் இதயம் இரவு நித்திரையிலேயே நின்றுவிட்டதாம்.

மாமியின் முப்பத்தோராம் நாள் காரியத்தை வரும் ஞாயிறு வைத்திருக்கிறோம். அன்று சாப்பிட வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலர்ப் புத்தகத்தை அப்பா சொல்லச் சொல்ல நான்தான் கணினியில் தட்டினேன். எங்கள் வீட்டில் தமிழில் தட்டத் தெரிந்தவள் நான் மட்டும். நாளை காலை எட்டு மணிக்குள் அச்சகத்துக்குப் போகவேண்டும். நாலாம் பக்கத்துக்கு அப்பா சொன்ன வரி இது: "பசுபிக் கடல் கடந்து சென்று பிஜி முருகனை இரு தடவை தரிசித்த பாக்கியசாலி."

சொன்னபடியே தட்டினேன். மாமி பிஜிக்குப் போனது அலைச்சறுக்குக்கு. பலகையில் எழும்பி நின்று அலையோடு வழுக்கி வருவதற்கு. ஐம்பத்தைந்து வயதில்.

அதற்கு முன் அவருக்கு நீந்தவே தெரியாது. நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, பஸ்ஸில் கடைசியாக இறங்கும் என்னை மறித்து, "எனக்கு நீந்தப் பழக்குவியோ?" என்று கேட்டார். சனிக்கிழமை என் கணித வகுப்பு பதினொரு மணிக்கு முடியும். அப்பாவிடம் ஒரு மணிக்கு முடியும் என்று சொன்னோம். அந்த இரண்டு மணி நேரமும் அஜின்கோர்ட் நீச்சல் குளத்தில். மாமி என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார். இடுப்பளவு தண்ணீரில் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ரீச்சர், நான் தண்ணிக்குள்ளை தாண்டு போனால் என்ரை தம்பி, அதுதான் கொப்பர், உன்னைத்தான் ஏசுவார், கவனம்" என்பார். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் கண்ணை இறுக்கி மூடிவிடுவார். "கண்ணை மூடாதேங்கோ மாமி" என்று ஒவ்வொரு சனியும் கத்தினேன்.

ஒருநாள் உடை மாற்றும் அறையில் தலையைத் துவட்டிக்கொண்டே காரணத்தைச் சொன்னார். யுத்த நேரம் மாமியும் அப்பாவும் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போயிருக்கிறார்கள். மாமிக்குப் பதினெட்டு வயது, அப்பாவுக்குப் பத்து. நடுக்கடலில் வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறியது. "கொப்பரைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு விடியுமட்டும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தனான். கடலை நான் பாக்கவே இல்லை. ஒருக்காக் கண்ணைத் திறந்துகொண்டு போகவேணும்."

அப்பா இன்றைக்கும் ஏரிக்கரைக்குக்கூட வரமாட்டார். அதனால்தான் அப்பாவிடம் சொல்ல மாமிக்கு ஒரு சாட்டாக முருகன் தேவைப்பட்டார்.

கோடையில் பள்ளி பஸ் ஓடாது. முதல் கோடையில் மாமி உண்மையாகவே கோயிலுக்குப் போய்விட்டு, கப்பல் ஏறி, பிறகு சின்னப் படகு ஏறி, நான் வரைபடத்தில் அரை மணி நேரம் தேடிய ஒரு தீவில் இறங்கினார். கடை இல்லை. மின்சாரம் மாலையில் மட்டும். படகுக்காரர் மாமியைப் பார்த்துவிட்டு, "சறுக்கப்போகும் பிள்ளை எங்கே?" என்று கேட்டாராம். பவளப்பாறைக்கு வெளியே அலை வீட்டு உயரத்துக்கு எழும்பும், அங்கே விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். உள்ளே இருந்த சின்ன அலைகளில் ஒன்பது நாளும் மாமி விழுந்தார். முழங்காலைப் பவளம் கிழித்தது. "ஊரே கரையிலை நிண்டு சிரிச்சது. நானும் சிரிச்சன், வாய் நிறைய உப்புத் தண்ணி."

அடுத்த கோடையில் திரும்பவும் போனார். எனக்கு இங்கே வெள்ளி இரவு, போன் வந்தது.

"ரீச்சர், இங்கை சனிக்கிழமையாப் போச்சு. நான் நாளையிலை நிண்டு கதைக்கிறன். எழும்பிட்டன்."

"எவ்வளவு நேரம்?"

"மூண்டு செக்கன். படகுக்காரன் நாலு எண்டுறான். நான் பொய் சொல்லமாட்டன், மூண்டுதான்."

"கண்?"

"ரெண்டும் திறந்தபடி."

நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன். கீழே இருந்து அப்பா, "என்ன இடிக்குது?" என்று கேட்டார்.

பொய் சொல்லமாட்டேன் என்ற மாமி அந்த முறை கோயிலுக்குப் போகவே இல்லை. அப்பாவுக்குக் கொடுத்த திருநீறு இங்கே மார்க்கம் வீதிக் கடையில் வாங்கியது. அப்பா அதை இன்றும் பூசுகிறார். எனக்கு மிகவும் பயம் அதை நினைத்துத்தான்.

அந்த மூன்று செக்கனுக்குள் படகுக்காரர் எடுத்த படத்தை மாமி எனக்கு அனுப்பினார். "நான் செத்தால் புத்தகத்திலை இதைப் போடு. சீலையோடை நிக்கிற படத்தைப் போட்டால் எழும்பி வந்து உதைப்பன்." ஓம் என்று சொன்னேன். அப்போது அது சும்மா சொன்ன ஓம்.

நாலாம் பக்கத்தில் இப்போது இருப்பது சேலைப் படம். மாற்றினால் அப்பா ஒவ்வொன்றாகக் கேட்பார்: வகுப்பு, குளம், திருநீறு.

மாமி தந்ததில் என்னிடம் இருப்பது, கால் வழுக்காமல் பலகையில் பூசும் மெழுகில் ஒரு துண்டு. தேங்காய் மணக்கும். அதோடு, நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்து, அவர் செய்து காட்டி, இப்போது எனக்கே திரும்பி வந்திருக்கும் அந்த ஒரு பாடம்: கண்ணை மூடாதே.

படத்தை மாற்றிவிட்டேன். பக்கம் முழுக்க நீலம். நடுவில் மாமி, வாய் பிளந்து, கண் இரண்டும் பெரிதாக. அப்பாவின் வரியை அழிக்கவில்லை, முதல் தடவை உண்மைதானே. "இரு தடவை" என்பதை மட்டும் "ஒரு தடவை" ஆக்கினேன். அதன் கீழே, "அலையில் மூன்று செக்கன் எழும்பி நின்றவர்" என்று சேர்த்தேன். இனி அச்சகத்துக்கு அனுப்ப வேண்டியது...

கதவில் தட்டும் சத்தம். அப்பா.

"பிள்ளை, இன்னும் படுக்கேல்லையோ? அந்த நாலாம் பக்கத்தை ஒருக்காக் காட்டு பாப்பம்."

"வாங்கோ அப்பா" என்று சொல்லிக் கணினியை அவர் பக்கம் திருப்புகிறேன், கண்ணை மூடாமல்.