ரெஜிஸ்டரில் இருக்கும் ஷம்பா

இன்று காலை ஸ்டாஃப் மீட்டிங். "இந்த வருஷம் நம்ம டிப்ளமோ கோர்ஸை ஒருத்தர்கூட பாதியில விடலை" என்றார் பிரின்சிபால். எல்லோரோடும் சேர்ந்து நானும் கை தட்டினேன்.

ஆனால் துர்கா பூஜா லீவுக்கு அப்புறம் என் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. கேட்டால் ஆபீஸ் கிளார்க் தத்தா பாபு, "அவங்கல்லாம் வேற பேட்ச் மாறிட்டாங்க மேடம்" என்பார்.

மதியம் காளிகாட்டில் ஒரு வளையல் கடைக்குள் நுழைந்தேன். கவுண்டருக்குப் பின்னால் என் மாணவி ஷம்பா.

"இப்ப எந்த பேட்ச்?" என்று பெங்காலியில் கேட்டேன்.

"காலேஜை விட்டு மூணு மாசமாச்சு மேடம். கடை பத்து மணிக்குத் திறக்கணும். கிளாஸ் பதினொண்ணுக்கு."

"ஏன் வரலைன்னு யாராவது கேட்டாங்களா?"

"நீங்கதான் முதல்ல கேக்கறீங்க. காலையில ஏழு மணிக்கு வெச்சா வந்துடுவேன்."

நேராகக் காலேஜுக்குத் திரும்பி, தத்தா பாபு எழுதும் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரைப் பார்த்தேன். நேற்று வரை ஷம்பா ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை.

அவளைத் திரும்ப அழைக்க வேண்டும் என்றேன். தத்தா பாபு பொறுமையாகச் சொன்னார்: "போனவங்களைத்தானே மேடம் கூப்பிட முடியும்? இவ போகவே இல்லையே."

கடைக்குப் போன் செய்தேன். சனிக்கிழமையிலிருந்து ஏழு மணிக்கு நானே பாடம் எடுக்கிறேன், வா என்று ஷம்பாவிடம் சொன்னேன்.

 அவள் கேட்டாள்: "நிஜமா பாடமா மேடம், இல்ல இன்ஸ்பெக்ஷன் வருதுன்னு பெஞ்சை நிரப்பக் கூப்பிடறீங்களா?"

பாடம்தான் என்று சத்தியம் செய்த பிறகுதான் வருவதாகச் சொன்னாள்.

உங்கள் காலேஜிலும் யாருமே படிப்பை விடுவதில்லையா? எதற்கும் ஒரு தடவை பெஞ்சுகளை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.