போட்டு வாறன்

மெற்றில்டா அக்கா இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி சிட்னி லிட்கமிலிருந்து போனில் சொன்னபோது, நான் கிரெய்கிபர்ன் தாண்டியிருக்கும் எங்கள் மின்நிலையத்தில் குளத்து வால்வைத் திறக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். குளிர் தொடங்கிவிட்டது. பக்கத்து முதியோர் இல்லத்தில் எரிவாயு ஹீட்டர்களைக் கழற்றியாகிவிட்டது. அக்கா கொடுத்த வாக்கை நம்பித்தான் கழற்றினார்கள். குளத்துச் சூடு போய்ச் சேராவிட்டால் அங்கிருப்பவர்கள் விறைத்துப்போவார்கள். போனை வைத்துவிட்டுக் கதவருகே அப்படியே நின்றேன்.

இதைப் படிப்பவர்களில் அவரோடு வேலை செய்தவர்களுக்குக் குளத்தைப் பற்றித் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுக்கிறோம். கோடையில் மின்சாரம் விலைபோகும், மிஞ்சும் சூடு யாருக்கும் வேண்டாம். அதைக் காற்றில் விடாமல் தண்ணீரில் ஏற்றி, கனத்த மூடி போட்ட ஒரு பெரிய குளத்தில் குளிர்காலம் வரை வைத்திருக்கலாம் என்று பிடிவாதமாக நின்ற பொறியாளர் அவர். "சூடாக்கிறது லேசு. சூட்டை வச்சிருக்கிறதுதான் வேலை" என்பார். நிர்வாகம் ஒரே ஒரு கோடை தந்தது. அதற்குள் குளம் சூடேறாவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள்.

அவர் மன்னார், நான் திருநெல்வேலி. நான் பேசினால் படம் பார்ப்பது போலிருக்கிறது என்று கேலி செய்வார். ஆமாம் என்பதற்கு அவர் "ஓம்" என்றால் நான் "நமசிவாய" என்று முடிப்பேன். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போகிறவர் அதற்கும் சிரிப்பார்.

பிப்ரவரியில் கொதிக்கிற ஒரு மதியம், பாய்லரின் சூட்டைக் குளத்துக்குக் கொண்டுபோகும் பம்ப் நின்றுவிட்டது. அது ஓடுவதைக் காட்டும் விளக்கும் காலையிலிருந்தே பழுது. மரச்சீவல் போவதை நிறுத்தி நெருப்பை அடக்கினோம். சற்று நேரத்தில் அக்கா வாக்கி-டாக்கியில் "போட்டு வாறன்" என்றார். பம்பைப் போட்டுவிட்டு வருகிறார் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் ஃபேனைப் போடுவோம், மோட்டாரைப் போடுவோம். மரச்சீவலை ஓடவிட்டேன்.

வெப்பம் குளத்துக்குப் போகவில்லை. பாய்லரிலேயே ஏறியது. அழுத்தமானியின் முள் சிவப்பைத் தொட்டது. பம்பைப் போட்டீர்கள்தானே என்று கேட்டேன்.

"நான் இன்னும் பம்ப் ரூமுக்கே போகேல்லை. போட்டு வாறன் எண்டுதானே சொன்னனான். நெருப்பை நிப்பாட்டும். அவசரத் தண்ணியைத் திறவும்."

குரல் உயரவில்லை. அவர் ஊரில் "போட்டு வாறன்" என்றால் போய்விட்டு வருகிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. மரச்சீவலை நிறுத்தி, அவசரத் தண்ணீரைத் திறந்தேன். அவர் நின்ற இடம் சுடுநீர்க் குழாய்களுக்கு நேர் கீழே. குழாய் வெடித்தால் முதலில் அவர், பிறகுதான் குளமும் கோடையும். ஆவி கூரைக்கு மேலே அலறிக்கொண்டு வெளியேறியது. முள் இறங்கும்வரை நான் உட்காரவில்லை. அக்கா கட்டுப்பாட்டு அறைக்குள் வந்து நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். "கதிரை போட்டிருக்கு, இரும். இது உங்கட ஊர்ப் போடுறது."

மறுநாள் அவரே ஒரு விதி போட்டார். வாக்கி-டாக்கியில் "போட்டு வாறன்" கூடாது, "போறன்" மட்டும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது தமிழர் யாரும் சொல்லத் துணியாத சொல். அபசகுனம் என்றேன். "பாய்லருக்குச் சகுனம் தெரியாது" என்று சொல்லிவிட்டு, கோடை முழுக்க அவர் "போறன், போறன்" என்றபடி போய் வந்துகொண்டிருந்தார். குளம் சூடேறியது.

அதன் பிறகு அவருக்கு நோய் வந்து, அது முற்றி, சிட்னியில் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டார். பையோடு வாசலில் நின்று "போட்டு வாறன்" என்றார். இந்த முறை எனக்குச் சரியாகவே புரிந்தது. வருவார் என்று நம்பினேன்.

செய்தி வந்த அன்று வால்வைத் திறந்துவிட்டுக் குழாயில் கைவைத்து நின்றேன். வெகுநேரம் சில்லென்றே இருந்தது. பயந்துபோனேன். பிறகு மெல்லச் சூடு வந்தது. இல்லத்திலிருந்து, ரேடியேட்டர்கள் சுடுகின்றன என்று சொன்னார்கள். அது அக்கா சேர்த்த பிப்ரவரிச் சூடு. அங்கேயே நின்று அழுதேன்.

நிலையத்தில் அவருடைய விதி அப்படியே இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தப் பழைய சொல்லைத்தான். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது இப்போதெல்லாம் "போட்டு வாறன்" என்கிறேன். என் மனைவியும் திருநெல்வேலிதான். எதைப் போட்டுவிட்டு என்று தினமும் கேட்கிறாள்.