கூப்பிட்டவனுக்கெல்லாம் அப்பா

துலுக்காணத்துக்குப் பிள்ளை கிடையாது. ஆனால் வண்டலூரைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் அந்தச் சின்ன எஞ்சினியரிங் காலேஜில் அவர் கம்ப்யூட்டர் சயின்ஸ் பையன் ஒருவனுக்கு அப்பா, சிவிலில் ஒருவனுக்கு அப்பா, எலக்ட்ரானிக்ஸில் ஒருவனுக்குத் தாய்மாமன். காலேஜ் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடை அவருடையது. அந்தக் கடையால் வந்த சொந்தங்கள் இவை.

அந்தக் காலேஜில் எதற்கெடுத்தாலும் "பேரண்ட்டைக் கூட்டிட்டு வா"தான். ஷேவ் பண்ணாமல் வந்தால், செல்போன் சட்டைப் பையில் தெரிந்தால், ஏன், பஸ்ஸில் பெண்பிள்ளையிடம் ரெக்கார்டு நோட்டு கேட்டால்கூட ஐ.டி. கார்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். அப்பா வந்து நின்றால்தான் கார்டு திரும்பும். எந்த அப்பன் ஐயா இதற்கெல்லாம் லீவு போட்டுவிட்டு வருவான்? வந்தாலும் வீட்டில் போய்ச் சும்மா இருப்பானா? பசங்கள் டீக்கடைக்காரரைப் பிடித்தார்கள். வாத்தியார்கள் காலேஜ் பஸ்ஸில் வந்து அப்படியே உள்ளே போய்விடுகிறவர்கள். எதிர்க்கடையில் யார் டீ ஆற்றுகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

துலுக்காணம் இதற்காகவே ஒரு பேன்ட், சட்டையைத் துவைத்துத் தேய்த்துக் கடைக்குள் மாட்டி வைத்திருந்தார். தலையைப் படிய வாரிக்கொண்டு, பையில் பேனா சொருகிக்கொண்டு போவார். அதற்குக் காசு எதுவும் வாங்கமாட்டார். "உங்க பையன் நல்லா வரக்கூடியவன் சார், கொஞ்சம் கவனிக்கணும்" என்று ஒரு வாத்தியார் சொல்லும்போது உள்ளே குளுகுளுவென்று இருக்கும் பாருங்கள், அதற்காகவே போனார். திரும்பி வந்து மனைவி பேபியிடம் பெருமை அடிப்பார்.

"ஊரான் பெத்த புள்ளைக்கு இன்னா பீத்தல் உனக்கு? என்னிக்கோ மாட்டப்போற பாரு" என்பாள் பேபி.

மாட்டியது டேனியலால்தான். மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். பல்லாவரத்துப் பையன். அதிகம் பேசாதவன். டீயைக்கூட ஓரமாய் நின்று குடித்துவிட்டுப் போவான். ஒருநாள் காலையில் வந்து, "அண்ணா, எச்.ஓ.டி. அப்பாவக் கூட்டினு வரச் சொல்றாரு. நீங்க வரீங்களா?" என்றான்.

"இன்னாடா பண்ண?"

"ஒண்ணும் இல்லண்ணா. அட்டெண்டன்ஸ்."

"உங்கப்பாரு இன்னா வேலை?"

பையன் கொஞ்சம் தயங்கினான். "தோல் ஷாப்புல சாயம் போடறாரு. நீங்க பிஸினஸ்னு சொல்லிடுங்க." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அவரு வந்தா கையெல்லாம் கலர் கலரா இருக்கும்ணா. வாசனை வேற" என்றான்.

துலுக்காணத்துக்குச் சுருக்கென்றது. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று பேன்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எச்.ஓ.டி. கஸ்தூரிரங்கன், கத்தலுக்குப் பேர்போன துறைத் தலைவர், அன்றைக்குக் கத்தவில்லை. துலுக்காணத்தை உட்காரச் சொன்னார். டேனியலை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். இதெல்லாம் வழக்கமே இல்லை.

"சார், உங்களைத் திட்டறதுக்குக் கூப்பிடலை" என்றார் கஸ்தூரிரங்கன். "பையனுக்கு அரியர் நிறைய சேர்ந்துடுத்து. காலேஜுக்குன்னு கிளம்பி வண்டலூர் ஸ்டேஷன்லயே நாள் பூரா உக்கார்ந்திருக்கான். ரயில் வர நேரத்துல தண்டவாளத்துகிட்டப் போய் நிக்கறான்னு இவன் ஃப்ரெண்ட் ஒருத்தன் அழுதுண்டே வந்து சொன்னான். படிப்பு கிடக்கட்டும். பையனைத் தனியா விடாதீங்கோ. நீங்க அப்பா, நீங்கதான் பார்த்துக்கணும்."

துலுக்காணம் யோசித்தார். சரி சார் என்று தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிடலாம். எத்தனை தடவை ஆட்டிய தலை! ஆனால் இந்தச் சேதி எந்த வீட்டுக்குப் போக வேண்டுமோ அந்த வீட்டுக்குப் போகாதே. தன் டீக்கடையோடு நின்றுபோகுமே. நாளைக்கு அந்த ஸ்டேஷனில் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? அட பாவி, என்ன காரியம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"சார்" என்று எழுந்து கைகட்டி நின்றார். "நான் இவன் அப்பா இல்ல சார். எதிர்ல டீக்கடை வெச்சிகீறேன்."

கஸ்தூரிரங்கன் முகம் சிவந்து போயிற்று. "எத்தனை பேருக்குய்யா இப்படி வந்திருக்கே?" என்று ஆரம்பித்தவர் அரை பில்டிங் கேட்கிற மாதிரி கத்தினார். செக்யூரிட்டியைக் கூப்பிட்டார். இனி கேட்டுக்குள் கால் வைத்தால் போலீஸ்தான், கடையையும் தூக்கச் சொல்வேன் என்றார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு துலுக்காணம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கடைய தூக்கிக்கோ சார். இவன இப்ப என்கூட அனுப்பு. இவங்க அப்பன்கிட்ட நானே கொண்டுபோய் வுட்டுடறேன்."

டி.வி.எஸ். ஃபிஃப்டியில் டேனியலைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். இரும்புலியூர் தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் விம்மல் கேட்டது. "நம்ப வெச்சு கழுத்தறுத்துட்டீங்களேண்ணா" என்றான்.

"ஆமாடா, அறுத்துட்டேன். அழு நல்லா. வண்டிய மட்டும் கெட்டியா புட்சிக்கோ" என்றார் துலுக்காணம். அவருக்கும் கண் கலங்கி ரோடு சரியாகத் தெரியவில்லை.

டேனியலின் அப்பா ஏசுதாசன் தோல் ஷாப் வாசலுக்கு வந்தார். முழங்கை வரை நீலச்சாயம். துலுக்காணம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார், தான் அப்பாவாகப் போனது உள்பட. அடி விழும் என்றுதான் நினைத்தார். ஏசுதாசன் மகனையே பார்த்துக்கொண்டு நின்றார். தொடப் போய், சாயக் கையைப் பார்த்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பிறகு துலுக்காணத்திடம் கேட்டார்: "அந்த சார் உங்கள உக்கார சொன்னாரா?"

"சொன்னாருபா."

"என்னையும் சொல்லுவாரா?"

டேனியல் தரையைப் பார்த்தான்.

மறுநாள் காலை காலேஜ் பஸ்கள் வந்து பசங்கள் இறங்கிக்கொண்டிருந்த நேரம். ஏசுதாசன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் மகனோடு வந்தார். எவ்வளவு தேய்த்தும் கையில் நீலம் போகவில்லை. கேட்டில் செக்யூரிட்டி மறித்தான். நேற்றைய கதை அவனுக்கும் தெரியுமே.

"இன்னிக்கு எந்தக் கடையிலேர்ந்து புட்சினு வந்த? வேட்டி சட்டை எல்லாம் பலமா கீதே!"

சுற்றி நின்ற பசங்கள் சிரித்தார்கள். ஏசுதாசன் ஒன்றும் புரியாமல் அவர்களோடு சேர்ந்து தானும் கொஞ்சம் சிரித்தார். ஐயோ, அந்தச் சிரிப்பைப் பார்த்து எதிர்க்கடையில் துலுக்காணத்துக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ஓடிப்போய்ச் சாட்சி சொல்லலாம் என்றால், அவர் சாட்சியை எவன் நம்புவான்?

பஸ்ஸிலிருந்து இறங்கிய கஸ்தூரிரங்கன் சத்தம் கேட்டு வந்தார். நீலக் கையையும் வேட்டியையும் ஏற இறங்கப் பார்த்தார். சூடு கண்ட மனுஷன், இல்லையா? "நேத்து ஒருத்தன், இன்னிக்கு ஒருத்தரா?" என்றார். "டேனியல், உண்மையைச் சொல்லு. யார் இவர்?"

சிரிப்பு நின்றது. பெண்பிள்ளைகள்கூட நின்று பார்த்தார்கள். டேனியல் சும்மா நின்றான். சொல்லுடா, சொல்லித் தொலையேன்டா என்று துலுக்காணம் டீ வடிகட்டியைப் பிடித்தபடி முணுமுணுத்தார். மகன் பேசாததைப் பார்த்து ஏசுதாசன் தானே இரண்டடி பின்னால் போனார். "பரவால்ல சார், நான் வெளியவே நிக்கறேன்" என்றார்.

அவர் நகர்ந்ததும்தான் டேனியல் அந்தக் கையைப் பிடித்தான்.

"எங்கப்பா சார். பேரு ஏசுதாசன். பல்லாவரத்துல தோலுக்குச் சாயம் போடறாரு. கூட்டினு வர நான்தான் வெக்கப்பட்டேன்."

கஸ்தூரிரங்கன் செக்யூரிட்டியை ஒதுங்கச் சொன்னார். பிறகு, "வாங்கோ, உள்ள உக்கார்ந்து பேசலாம்" என்று ஏசுதாசனுக்கு வழிவிட்டார்.

துலுக்காணம் கடைக்குள் போய்ப் பேபி பக்கத்தில் உட்கார்ந்தார். அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

"இன்னாய்யா ஆச்சு உனக்கு?"

"நான் எத்தினி பசங்களுக்கு அப்பாவா போய் நின்னேன் பேபி. எவனும் 'எங்கப்பா'ன்னு சொல்லும்போது தரையப் பாத்துகினுதான் சொல்லுவான். இவன் வாத்தியாரு மூஞ்சிய நேரா பாத்து சொன்னான்டி."