கடையிலிருந்து திரும்பி வந்த பாய்

என் வீட்டுக்காரர் வீரமுத்து மலாயாவில் பாலோ ஊர் ரயிலடியில் டீக்கடை வைத்திருந்தார். அந்தக் கடையும் இப்போது இல்லை, அவரும் இல்லை. ஆனாலும் எங்கே பால் கொதிக்கிற வாசனை வந்தாலும் எனக்கு அவர் சட்டைதான் ஞாபகம் வரும். கல்யாணமான புதிதில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்றோ நாலோ, ரப்பர் தோட்டத்துச் சனம் முழுக்கக் கடையில் நிற்கும்போதே அடுப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வருவார். "என்னங்க, கடையில ஆள் நிக்கலியா?" என்றால், "நிக்கட்டும்லா! டீ குடிக்க வந்தவங்க ஓடியா போயிடுவாங்க?" என்பார். வெட்கம் கெட்ட மனுஷன்! அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தனியாகச் சிரிப்பு வருகிறது.

நான் பேச்சியம்மாள், அவர் பெண்டாட்டி. புருஷன் விஷயத்தை இப்படி வெளியே சொல்லலாமா என்று யாராவது முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும். அவரே ஊரறியச் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன்.

கடை வளர வளர அவர் உடம்பும் வளர்ந்தது. காலையில் முக்காலியில் உட்கார்ந்தால் இருட்டும்போதுதான் எழுந்திருப்பார். ஒவ்வொரு டீயிலும் இனிப்புச் சரியாக இருக்கிறதா என்று ஒரு வாய் பார்ப்பார். இனிப்புக் கட்டிப்பால் டின் காலியானால் விரலை விட்டு வழித்து நக்குவார். வாயில் எப்போதும் சுருட்டு. சாயங்காலம் ரயிலடி ஆட்களோடு கள்ளு. கள்ளு கிடைக்காத நாளில் சம்சு என்கிற மலிவுச் சாராயம். எல்லோரும் "முதலாளி" என்று கூப்பிட, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் என்ன கண் பட்டதோ, முப்பதாம் வருஷம் வாக்கில் மனுஷன் மாறிப்போனார். பருத்த உடம்பு இளைத்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. படுத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். நான் தொட்டால் குழம்பில் உப்பு இல்லை என்று சண்டைக்கு வருவார். குழம்பைச் சாப்பிட்டு எத்தனை நேரம் ஆகிறது, படுக்கையில் என்ன உப்புச் சண்டை? ஒருநாள் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, "கடையில திருட்டு பயம்" என்று சொல்லிப் படுக்கையை அங்கேயே மாற்றிவிட்டார்.

"திருட அங்க என்ன இருக்கு, நாலு பால் டின்னா?" என்று கத்தினேன். பாயோடு படியிறங்கிப் போய்விட்டார். வேறு எவளோ இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். கடைக்கு வந்த பொம்பிளைகளை எல்லாம் முறைத்து முறைத்துப் பார்த்து என் கண்தான் வலித்தது.

செடெனாக் ஊரில் இருந்த அவருடைய அக்கா அங்கம்மாவுக்கு மட்டும் அவர் உண்மையைச் சொல்லியிருந்தார், அதுவும் பாதி உண்மை. உடம்பு தளர்ந்துபோச்சு என்று மட்டும். மதினி ஒரு ஜாடி லேகியத்தோடு வந்து இறங்கினாள். பனைவெல்லம், நெய், பேரீச்சம்பழம், முருங்கை விதை எல்லாம் போட்டுக் கிண்டியது. எங்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற லேகியம் அது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள், இதைத் தின்றால் ஆண்பிள்ளை எழுந்து நிற்பான் என்றாள். அவரும் ஆசை ஆசையாக உருட்டி உருட்டித் தின்றார். ஜாடி காலியாக ஆக, மனுஷன் இன்னும் மெலிந்தார்.

அடுத்த தடவை மதினி வந்தபோது வேறு பேச்சு. "தம்பி, இவ வயிறு தெறக்காது. சாஆ ஊர்ல சந்திரமதின்னு ஒரு பொண்ணு இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை அவ அப்பாவைக் கூட்டிட்டு வாரேன்." என் முகத்துக்கு நேரே சொன்னாள். எங்களுக்குள் தாம்பத்தியம் நின்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவர் தலையைக் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சக்களத்தி வருவதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இந்த மனுஷன் என்னை மலடி ஆக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறாரே என்றுதான் வயிறு எரிந்தது.

மறுநாள் காலை கடைக்குப் பின்னால் சாம்பல் கொட்டப் போனேன். அவர் சிறுநீர் கழிக்கிற இடத்தில் எறும்பு அப்பிக் கிடந்தது. "உங்க அக்கா லேகியம் எறும்புக்கும் பிடிச்சுப்போச்சு, வந்து பாருங்க!" என்று கோபத்தில் சத்தம் போட்டேன். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசர் ஜெயபாலன் கிளாசை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்து பார்த்தார். அப்போதே எங்களைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

அங்கே டிரசர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, இவர் சிறுநீரைச் சில சொட்டு விட்டுச் சூடு காட்டினார். நீலம் மாறிச் செங்கல் நிறம் ஆனது.

"சர்க்கரை வியாதி. வீட்டுல புருஷன் பெண்டாட்டி எப்படி?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லீங்கய்யா, வருஷமா ஒண்ணும் இல்ல" என்று நான்தான் உடைத்தேன்.

"வெக்கப்பட என்ன இருக்கு, வீரமுத்து? சர்க்கரை ஏறினா ரத்தக் குழாயும் நரம்பும் கெட்டுப்போகும். ரத்தம் போய்ச் சேரலைன்னா அது எப்படி வேலை செய்யும்? சுருட்டும் கள்ளும் சம்சுவும் அதையேதான் பண்ணுது. அதுக்கு மேல, முடியாமப் போயிடுமோன்னு பயந்து பயந்து மிச்சத்தையும் கெடுத்துக்கிட்டீங்க. செய்வினையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல."

"அக்கா லேகியம் கொடுத்துச்சு ஐயா…"

"அலமாக், ஐயய்யோ! வெல்லமும் நெய்யுமா? அது உங்களைத் தின்னிருக்கு! இனிப்பை விடுங்க, சோத்தைக் குறைங்க, சுருட்டையும் குடியையும் விடுங்க, தினம் நடங்க."

"சரியாயிடுமா?"

"சில பேருக்கு ஆகும், சில பேருக்கு ஆகாது. சத்தியம் பண்ண மாட்டேன். முன்னாடியே வந்திருந்தா சுலபமா இருந்திருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை மதினி பெண்ணின் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வாசலில் போட்ட பந்தலில் பாய் விரித்து, பெரியவர்களும் அக்கம்பக்கத்தாரும் உட்கார்ந்தார்கள். நான் அடுப்படியில் நின்றேன். என் துணிமணியை மூட்டை கட்டி வைத்திருந்தேன். வெற்றிலைத் தட்டு அவர் முன்னால் வந்தது. அவர் அதைத் தொடவில்லை, எழுந்து நின்றார்.

"அக்கா, தட்டை எடுத்துடு. பேச்சி மேல ஒரு குத்தமும் இல்ல. முடியாதவன் நான்தான். எனக்குச் சர்க்கரை வியாதி. ஒரு வருஷமா அவளை நான் தொடல. இன்னொரு பொண்ணைக் கொண்டாந்தா அவளும் மலடின்னுதான் பேர் வாங்குவா."

ஒரு பொடியன் சிரித்தான், அவன் அப்பன் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தான். பெண்ணின் அப்பா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பொண்ணைக் காப்பாத்தினீங்க" என்றார். அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு வந்த ஆசை, கல்யாணத்து அன்றைக்குக்கூட வந்ததில்லை. மூட்டையை அவிழ்த்து எல்லாவற்றையும் பெட்டியில் திரும்ப வைத்தேன்.

அதற்கப்புறம் விடிந்ததும் தண்டவாளத்தை ஒட்டியே நடந்துவிட்டு வந்துதான் கடையைத் திறப்பார். டீயை மூக்கால் முகர்ந்தே இனிப்புச் சொல்வார். இளவட்டங்கள் இன்னும் கொஞ்சம் பால் விடச் சொன்னால், "டேய், என் கதை தெரியுமில்ல? சுருட்டைத் தூக்கிப் போட்டுட்டு நட. வீட்டுல ஏதாச்சும் கோளாறுன்னா குழம்புல உப்பு இல்லன்னு சண்டை போடாத, டிரசரைப் போய்ப் பாரு" என்பார். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தராக, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து அவரிடம் காதோடு காதாகக் கேட்டார்கள்.

மழைக்காலம் கழிந்து ஒருநாள் மத்தியானம், நல்ல வெயிலில், பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊர் பார்க்க வீட்டுக்கு வந்தார். "என்ன முதலாளி, திருட்டு பயம் போயிடுச்சா?" என்று பக்கத்து வீட்டு மணியம் கேலி செய்தார். "போயிடுச்சுலா" என்றார் இவர், சிரித்துக்கொண்டே.

எல்லாம் பழையபடி ஆனதா என்று கேட்பீர்கள். சில நாள் ஆனது, சில நாள் ஆகவில்லை. பிள்ளையும் பிறக்கவில்லை. ஆனால் அந்தப் பாயை வீட்டில் விரித்த நாளிலிருந்து சாகிற வரைக்கும், அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கவே இல்லை.