மச்சாளுக்குச் சொல்லாத விடுமுறை

சிவாஜினி பயந்த சுபாவக்காரி. மெல்பேர்ன் ஆய்வுகூடம் ஒன்றில் ஊரார் இரத்தத்தையெல்லாம் பரிசோதிப்பவள், தன் கையில் ஊசி ஏறும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வாள். ஐம்பது வயதுக்கு மேல் படம் வரையப் பழகினாள். வீட்டருகே ரோவில் புறநகர்ப் பூங்காவில் மடிப்புக் கதிரையைப் போட்டுக்கொண்டு யூகலிப்டஸ் மரங்களை வரைந்து வரைந்து அலுத்து, இங்கிலாந்துக் கோடையில் கடலோரம் இருந்து வரைய வேண்டும் என்று ஆசைப்பட்டாள். வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது.

நம்மவர்கள் இங்கிலாந்துக்குப் போவது விடுமுறையா என்ன? வீடு வீடாக ஏறி இறங்கும் ஊர்வலம். ஒரு வீட்டில் சோறு சாப்பிட்டு, அடுத்த வீட்டில் தேநீரோடு எழும்பினால் தீர்ந்தது கதை. அடுத்த கல்யாணம் வரைக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். இதற்குள் பென்சிலைத் தொட நேரம் ஏது? ஆகவே ஒருவருக்கும் சொல்லாமல் போய்வருவதென்று முடிவாயிற்று. கணவர் கதிர்காமநாதனின் ஒரே அக்கா, லண்டனில் இருக்கும் யோகராணிக்குக்கூடச் சொல்லவில்லை.

அதுதான் சிவாஜினியை அரித்தது. முந்தின வருடம் யோகராணியின் கணவர் இறந்தபோது லீவு கிடைக்காமல் இவர்கள் போகவில்லை. அவள் அதைக் குறையாக ஒருநாளும் சொன்னதில்லை. “இந்த வருசமாவது வருவியளோ?” என்று மட்டும் கேட்டாள். “லீவு இல்லை மச்சாள்” என்று இவள் வாய்கூசாமல் சொல்லிவிட்டாள். உண்மை தெரிந்தால் இனி அந்த முகத்தில் எப்படி விழிப்பது?

லண்டனுக்குத் தொலைவாக, நோர்போக் கடற்கரையில், தமிழ் வாசனையே இல்லாத ஒரு சின்ன ஊரில் அறை எடுத்தார்கள். ஒரு சனிக்கிழமை, கதிர்காமநாதன் சிப்ஸ் வாங்கப் போன நேரம், சிவாஜினி கடலையும் அதற்கு முன்னால் கிடந்த மரவாங்கையும் வரைந்துகொண்டிருந்தாள். பெரிய பஸ் ஒன்று வந்து நின்றது. கதவு திறந்ததுமே, “ரோல்ஸ் பெட்டியை முதல்லை இறக்குங்கோ!” என்று ஒரு குரல்.

பஸ் கண்ணாடியில் லண்டன் கோயில் ஒன்றின் பெயர். முதியோர் சுற்றுலா! சிவாஜினி தொப்பியை முகம் மறைய இழுத்துவிட்டாள். எழும்பி ஓடலாம்தான், ஆனால் சாமான்களை மடித்துக் கட்டுவதற்குள் எல்லாரும் பார்த்துவிடுவார்கள். அப்போது சாம்பல்நிறக் கார்டிகன் போட்ட ஒருத்தி வலது காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, இவள் வரைந்துகொண்டிருந்த அந்த வாங்கில், இவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அந்த நடையை இவளுக்குத் தெரியாதா? யோகராணி.

மற்றவர்கள் கூட்டமாகச் சாப்பிட்டுச் சிரிக்க, யோகராணி தனியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது. போய்ப் பேச வேண்டும் போலிருந்தது, கால் எழவில்லை. கண் அவளை விட்டு அகல மறுத்தது. கையும் அவளையே வரைந்தது: கூனிய முதுகு, காற்றில் பறக்கிற நரைமயிர். குனிந்து கார்டிகனுக்கு நிழல் தீட்டிவிட்டு நிமிர்ந்தால், வாங்கில் ஆளைக் காணவில்லை.

தாளில் ஒரு நிழல் விழுந்தது. பின்னால் யாரோ நிற்கிறார்கள். சிவாஜினி மூச்சை அடக்கிக்கொண்டு, வரைந்து முடித்த கடலையே மறுபடி மறுபடி வரைந்தாள். நிழல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு விலகிப் போனது.

சிப்ஸோடு வந்த கணவரை அவள் தரதரவென்று வாடகைக் காருக்கு இழுத்துப் போனாள். “அக்காவோ? இஞ்சையோ? உமக்கு விசர் பிடிச்சிட்டுது” என்றார் அவர்.

ரோவிலுக்குத் திரும்பியும் நிம்மதி இல்லை. அந்த நிழல் மச்சாளுடையதா, யாரோ வழிப்போக்கருடையதா? ஞாயிறு தவறாமல் போன் எடுக்கும் யோகராணி அவர்கள் திரும்பி வந்த முதல் ஞாயிறு எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு போன் வந்தது. மழை, முழங்கால் நோ, பக்கத்து வீட்டுப் பூனை என்று வழக்கமான கதைகள். குறை ஒன்றும் இல்லை. தப்பினோம் என்று பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் குரலின் அன்பைக் கேட்கக் கேட்க அவளால் அந்தப் பொய்யோடு இருக்க முடியவில்லை.

“மச்சாள், நாங்கள் இங்கிலாந்துக்கு வந்தனாங்கள். உங்களுக்குச் சொல்லேல்லை. அண்டைக்குக் கடற்கரையிலை படம் கீறிக்கொண்டு இருந்தது நான்தான்.”

குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த கதிர்காமநாதன் தண்ணீரை நிறுத்தினார்.

“தெரியும் பிள்ளை” என்றாள் யோகராணி. “என்ரை முதுகை அச்சொட்டாக் கீறியிருந்தனீ. திரும்பிப் பாப்பாய் எண்டுதான் கொஞ்ச நேரம் நிண்டனான்.”