தையலோடு கோமாரிக்கு

அன்று காலை முதலில் செய்தது, கதிரையில் இருந்தபடியே சுபஹுத் தொழுதது. தலையைக் குனியக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. கொழும்பில் முகத்தை இழுத்துத் தைக்கும் சத்திரசிகிச்சை செய்து பத்து நாள். காதுக்கு முன்னும் பின்னும் தையல் இருந்தது.

வீட்டில் இருந்தே ஆறியிருக்கலாம். விட்டால்தானே! கல்முனையில் நோய் விசாரிக்க வருவோர் விஸ்கோத்துப் பெட்டியோடு வந்து மணிக்கணக்கில் கதைப்பார்கள். அதிகம் கதைக்காதே, கழுத்தைத் திருப்பாதே என்று டாக்டர் சொன்னதை யாரிடம் சொல்வது? மதினி எல்லோரிடமும், நான் கொழும்பு பஸ்ஸால் இறங்கி வந்த ஓட்டோ பிரண்டுவிட்டது என்று சொல்லியிருந்தார். அந்தப் பொய்க்கு மட்டும் கழுத்தை அசைத்து ஓம் என்றேன்.

என் தம்பி தலையில் முடி நட்டுக்கொண்டு வந்தபோது இதே வீட்டில் புரியாணி ஆக்கினார்கள். நான் என் சம்பளத்தில் என் முகத்தைச் சரிசெய்தால் அது விபத்தாக வேண்டுமாம்!

அதனால்தான் கடலோர ஊரான கோமாரியில் சும்மா பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டுக்கு, என் சிநேகிதியுடையது, ஐந்து நாளைக்கு ஓடினேன். வழக்கமாக முகம் மூடாத நான் அன்று முகத்திரை போட்டேன். 5.50 பஸ், அக்கரைப்பற்றுக்கு 6.45, நூற்றிருபது ரூபா. பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் தையல் சுண்டியது. அங்கிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டருக்கு ஓட்டோ பிடித்தேன், மூவாயிரத்து ஐந்நூறு ரூபா.

சாரதிக்கு என் வயதிருக்கும். பள்ளம் கண்டால் எறும்புக்கு வழிவிடுவதுபோல் ஓட்டினார். திருக்கோவில் தாண்டியதும், "இவ்வளவு மெதுவா ஓட்டுற ஆளை நான் காணல்ல" என்றேன்.

"என்ன செய்ற ராத்தா, பேர் கெட்டுப்போச்சு. கல்முனை ஸ்டாண்டில நிண்டவன் நான். கொழும்பு பஸ்ஸில வந்த ஒரு பொம்பளைய விடியச்சாமத்தில அவட வாசல்ல இறக்கினன். ரெண்டு நாளையால கதை வருது, நான் ஓட்டோவைப் பிரட்டி அவட முகத்தைக் கிழிச்சிட்டனாம்!"

முகத்திரையை இன்னும் இழுத்துவிட்டேன். அந்த இருட்டில் நான் அவர் முதுகை மட்டுமே பார்த்திருந்தேன்.

"நீங்க பிரட்டல்லயா?"

"அல்லாஹ் மேல சத்தியமா இல்ல. ஓட்டோவில ஒரு கீறல் இருக்கா, பாருங்க. ஸ்கூல் பிள்ளைகள்ற ஹயர் எல்லாம் போயிட்டு. அதாலதான் இஞ்ச வந்து நிக்கிறன். என்ட பொண்டாட்டியே இப்ப கலிமா சொல்லிக்கிட்டுத்தான் ஏறுறா!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தடை, தையல் இழுக்கும். அழவும் தடைதான். இறங்கும்போது அவருடைய நம்பரை வாங்கிக்கொண்டேன்.

இப்படிப் பயணம் போக நினைப்போருக்கு: முதலில் டாக்டரைக் கேளுங்கள். முன் ஆசனத்தில், கழுத்துக்குத் தலையணை வைத்து இருங்கள். தலையை உயர்த்தியே தூங்குங்கள், பை தூக்காதீர்கள், குனியாதீர்கள், வெயிலைத் தவிருங்கள். உப்பைக் குறையுங்கள், கருவாடு வேண்டாம். டாக்டர் தராத வலி மாத்திரையைத் தொடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி இறுகினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கோமாரியில் கடல் இரைகிறது. ஒருவரும் விசாரிக்க வரவில்லை. ஆனாலும் தூக்கம் வரவில்லை. ஊரின் மீது வந்த கோபம் இப்போது என் மீதே திரும்புகிறது. என் முகத்தை மறைக்க இன்னொருவரின் பிழைப்பை அல்லவா போர்த்திக்கொண்டேன்!

திங்கட்கிழமை அவருடைய ஓட்டோவிலேயே கல்முனைக்குப் போவேன். ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்லி இறங்குவேன். முகத்திரையை எடுத்து, தையலைக் காட்டி, இது கத்தி போட்ட டாக்டரின் வேலை, இவருடையதல்ல என்று சொல்வேன். மதினிக்கு இது தெரியாது. ஓட்டோக்காரருக்கும் தெரியாது.