தும்பு மில்லில் மைனி பாடியது

பக்கத்தில் நிற்பவள் பேசினால்கூடக் கேட்காத தும்பு மில்லில் என் அண்ணன் மனைவி, என் மைனி, பாடுவாள். நார் பிரிக்கத் தேங்காய்க் கதம்பல் மட்டையை மிஷினுக்குள் தள்ளிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட வேண்டிய கீர்த்தனையைத் தொண்டை கிழியப் பாடிப் பழகுவாள். மைனி முதல் அடியை எடுத்துக் கொடுத்தால்தான் எங்கள் சபைக்குப் பாட்டு வரும். அவளுக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின்னும் காதுக்குள் சீவிடு வண்டு கத்துவதுபோல இரைச்சல் நிற்கவில்லை. அந்தப் பயத்தில், முதலாளி வாங்கி ஆணியில் தொங்கவிட்டிருந்த காதுமூடியை நான்தான் முதலில் எடுத்து மாட்டினேன். துபாய்க்கு பிளேன் ஓட்டப் போறியாட்டி என்று எல்லாரும் சிரித்தார்கள். மாட்டிக்கொண்டாலும் மிஷின் திணறுவது கேட்கத்தான் செய்தது. மைனியையும் கெஞ்சி ஒருநாள் மாட்டவைத்தேன். மத்தியானத்துக்குள் கழற்றிவிட்டாள்.

"இதப் போட்டா எனக்க பாட்டு மண்டைக்குள்ள கெடந்து முழங்குதுட்டி. சுருதி பிடிகிட்டல."

அதற்குப் பதிலாக, தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டாள். குளிர்ச்சி என்று எங்கள் மில்லில் பாதிப் பேர் வைப்பதுதான். மிஷின் சத்தத்துக்கு அந்தப் பஞ்சு போதாது என்பது நாகர்கோவில் டாக்டர் சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

காது ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் அணில் கத்துவது கேட்காமல் போனது. பிறகு பேரப்பிள்ளையின் பேச்சு. சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறான் என்றுதான் விளங்கவில்லை என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் ஒரு சுருதியில் போக, மைனி வேறொன்றில் பாடிக்கொண்டே போனாள். அவளுக்குத் தெரியவில்லை. ஆராதனை முடிந்ததும் போதகரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இனி வேறு யாராவது எடுத்துக் கொடுக்கட்டுமே என்றார். நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போய்க் காட்டியபோது, போனது போனதுதான், மிச்சத்தையாவது காப்பாற்றுங்கள் என்றார் டாக்டர். காதில் வைக்கிற மிஷினில் பேச்சு கொஞ்சம் விளங்குகிறது. பாட்டு மட்டும் தகரத்தைத் தட்டுவதுபோல இருக்கிறதாம்.

மைனி மில்லை விட்டுவிட்டாள். நான் இன்னும் போகிறேன். காதுமூடியைக் கழற்றியதும் காதருகே விரல்களை உரசி, அந்தச் சின்னச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது சபையில் மைனி என் பக்கத்தில் நிற்கிறாள். பாட்டு நேரத்தில் காது மிஷினைக் கழற்றிவிட்டு, என் வாயசைவைப் பார்த்தே அடி பிடித்து, யாருக்கும் கேட்காதபடி பாடுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பாதிப் பாட்டில் அவள் பாடுவதைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குமேல் பாட முடியாமல் வாயை மூடிக்கொண்டேன். சபை முழுவதும் நின்று பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்துவிட்டதென்று நினைத்து, மைனி புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.